அடித்துவிட்ட தேற்றம்

பரீட்சை முடிந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அமுதவல்லிக்கு மனசு லேசாயிற்று. எம்.எஸ்ஸி. கணிதம் கடைசி செமஸ்டரின் கடைசிப் பரீட்சை, அதுவும் அவள் நடத்திய பாடம். இடவியல் குலங்கள் என்று பெயரைச் சொன்னாலே மற்றத் துறைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பாலக்கோட்டு பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. கல்லூரி வாசலில் கரும்புச்சாறு வண்டியின் குடை நிழலில் ஒதுங்கி நின்றாள்.

"ஈஸிங்க மேடம்," என்று குரு முன்னால் ஓடி வந்தான். "பதினஞ்சு மார்க் கேள்வியில வெங்கடாசலம் சார் தேற்றம் அப்படியே வந்திருச்சுங்க."

"எந்தத் தேற்றம்?"

"நீங்க அடிச்சுவிடச் சொன்னீங்களே, அதுங்க." சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தலையைச் சொறிந்தான். "புக்குல இருக்குதுங்களே மேடம். எல்லாரும் அதைத்தான் எழுதினோம்."

எல்லாரும் எழுதவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் தனியாக வந்தாள் கோகிலா. சித்தேரி மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண். பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தவள் மேடத்தைக் கண்டதும் நின்றாள்.

"நான் அதை எழுதலைங்க மேடம். அது இல்லன்னா ஹார் அளவைங்கற இன்னொரு தேற்றத்தை எழுதலாம்னு போட்டிருந்துச்சு. அதை எழுதினேன். ஒரு பக்கத்துக்கு மேல ஓடலைங்க."

"ஏன் கண்ணு? அந்தத் தேற்றம் மனப்பாடமா இருந்துச்சில்ல உனக்கு?"

"இருந்துச்சுங்க. தப்புன்னு நீங்கதான சொன்னீங்க. தப்புன்னு தெரிஞ்சதைப் போய் நிரூபிக்கிறேன்னு எப்படிங்க எழுதறது?"

"மேடம் சொன்னது கிளாஸுக்குடி. பரீட்சைக்கா சொன்னாங்க?" என்றான் குரு. கூட நின்றவர்கள் சிரித்தார்கள். கோகிலாவும் சேர்ந்து சிரித்தாள். அமுதவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தேற்றத்தின் சங்கதி இதுதான். ஒரு பெரிய குலம். அதற்குள் ஒரு உட்குலம். அந்த உட்குலத்தை ஒரே புள்ளியாக மடித்துவிட்டால் மிஞ்சி நிற்பது ஈவுக்குலம். மடித்த துணி மேலே கிழியாமல் இருக்கிறது, மடிப்புக்குள் இருப்பதும் கிழியாமல் இருக்கிறது; பிரித்துப் போட்டால் முழுத்துணியும் அப்படியே இருக்குமா என்பதுதான் கேள்வி. அமுதவல்லி வகுப்பில் தன் புடவைத் தலைப்பை மடித்துக் காட்டித்தான் இதைச் சொல்லிக்கொடுப்பாள். சில குணங்களுக்கு இருக்கும். கச்சிதம் என்ற குணம் உட்குலத்திலும் ஈவுக்குலத்திலும் இருந்தால் முழுக்குலத்துக்கும் வந்துவிடும். தொடர்ச்சியாக ஒரே துண்டாக இருப்பதும் அப்படியே. ஆனால் கச்சிதத்தில் கொஞ்சம் இளைத்த ஒரு வகை உண்டு. முடிவில்லாமல் போகிற எந்த வரிசையை எடுத்தாலும் அது எங்கேயாவது ஒரு புள்ளியைச் சுற்றி மொய்த்தே ஆக வேண்டும் என்பது அதன் இலக்கணம். எண்ணுறு கச்சிதம் என்று பேர். இந்தக் குணம் அப்படி வராது. உள்ளேயும் இருக்கும், மடித்ததிலும் இருக்கும், பிரித்துப் பார்த்தால் முழுசில் இல்லாமல் போகலாம்.

வரும் என்று எழுதி, ஒன்றரைப் பக்கத்துக்கு நிரூபணமும் போட்டிருந்தார் வெங்கடாசலம். அவருடைய புத்தகம்தான் சுற்று வட்டாரக் கல்லூரிகள் அத்தனைக்கும் பாடப்புத்தகம். வெளிநாட்டுப் புத்தகத்தை வாங்க யாருக்கும் வசதி இல்லை. இவர் புத்தகம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக் கடையிலேயே கிடைக்கும்.

அமுதவல்லிக்கு முனைவர் பட்ட வழிகாட்டியும் அவர்தான். ஆராய்ச்சி செய்த காலத்தில் அந்த நிரூபணத்தை நீட்டி ஒரு அத்தியாயம் எழுதலாம் என்று உட்கார்ந்தவள், ஆறாவது வரியில் மாட்டிக்கொண்டாள். முழுக்குலத்தில் இருக்கிற வரிசைக்குப் பக்கத்தில் உட்குலத்துக்குள் இன்னொரு வரிசையை எடு என்கிறது அந்த வரி. எவ்வளவு பக்கத்தில்? அந்தப் பக்கத்தை இன்னும் இறுக்கினால் வேறு வரிசை எடுக்க வேண்டும். இன்னும் இறுக்கினால் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை போதும் என்று புத்தகம் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருந்தது. அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் முட்டி மோதினாள். முடியவில்லை. கடைசியில், கணக் கோட்பாட்டில் ஒரு கூடுதல் அனுமானத்தை எடுத்துக்கொண்டு இந்தத் தேற்றத்துக்கு எதிர் உதாரணமே கட்டியிருந்த ஒரு வெளிநாட்டுக் கட்டுரை அவள் கைக்குக் கிடைத்தது.

அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது வெங்கடாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கூடுதல் அனுமானம் வெச்சுத்தானம்மா உடைச்சிருக்கான்? அது இல்லாம உடைக்கச் சொல்லு, பார்க்கலாம்."

"சார், அந்த அனுமானத்தால எந்த முரணும் வராதுங்க. அப்போ நம்ம தேற்றத்துக்கு நிரூபணமே இருக்க முடியாதுங்களே. நம்ம நிரூபணம் ஆறாவது வரியிலயே நின்னு போகுதுங்க."

"நம்ம" என்றுதான் சொன்னாள். அவர் "உனக்கு வேற அத்தியாயம் பார்த்துக்கோ" என்று மட்டும் சொன்னார். உட்குலம் முழுக் கச்சிதமாக இருந்தால் என்னென்ன குணங்கள் வரும் என்று சின்னதாக ஒன்றை எழுதிப் பட்டம் வாங்கினாள். அதற்குப் பிறகு அவர் அவளுக்காக எங்கேயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரிடம் படித்த குப்புராஜ் நிரந்தர வேலைக்குப் போய், துறைத் தலைவரும் ஆகிவிட்டார். அமுதவல்லி அதே துறையில் கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூனிலும் வேலை முடிந்து, ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்கப்படும்.

ஆனால் வகுப்பில் அந்தப் பக்கம் வரும்போது மட்டும், "இது தப்பு, பேனாவால அடிச்சுவிடுங்க" என்பாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தேற்றம் பரீட்சைக்கு வந்ததே இல்லை.

கோகிலாவைக் கெட்டிக்காரி என்று சொல்லிவிட முடியாது. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள், இங்கிலீஷில் ஒரு வரி எழுத மற்றவர்கள் மூன்று வரி எழுதுகிற நேரம் பிடிக்கும். எல்லாப் பாடத்திலும் ஓரத்தைத் தொட்டுத்தான் பாஸ். ஒன்று மட்டும் உண்டு, சொன்னதை நம்புவாள். மலையில் அவள் படித்த பள்ளியிலேயே கணக்கு டீச்சர் இடம் காலி, தற்காலிக வேலைதான், ஜூனுக்குள் பட்டம் முடித்துவிட்டு வா என்று தலைமையாசிரியர் சொல்லி வைத்திருந்தார். கீழ்நாட்டிலிருந்து யார் வந்தாலும் பஸ்ஸைச் சாக்குச் சொல்லியே பாதி நாள் வருவதில்லையாம்.

சேலத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம் ஆரம்பித்த அன்றைக்கே அமுதவல்லி எழுந்து நின்றுவிட்டாள். தலைமைத் தேர்வாளர் குப்புராஜ். விடைக் குறிப்பில் ஆறாவது வரி உட்பட அந்த நிரூபணம் அச்சுப் பிசகாமல் இருந்தது.

"சார், இந்தக் கேள்வியே தப்புங்க. இல்லாத ஒண்ணை நிரூபிக்கச் சொல்லியிருக்கு."

குப்புராஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. வெயிலில் வந்தவளுக்கு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"அமுதா, நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல. ஆனா புத்தகம் சாரோடது. நானோ நீயோ தப்புன்னு சொன்னா போர்டுல எவன் கேப்பான்? சார் வாயால ஒரு வார்த்தை வரட்டும். இன்னைக்கே மாத்திடறேன்."

அன்று சாயங்காலமே தர்மபுரியில் இருந்த சார் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். தொப்பூர் ஏற்றத்தில் ஒரு லாரி சாய்ந்து கிடந்து, வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. என்ன சொல்லிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். தப்பென்று ஒத்துக்கொள்ளுங்கள் என்றா? அந்தப் பெண் ஒருத்தி பாஸாக வேண்டும் என்றா? எதைச் சொன்னாலும் ஒன்றைக் காட்டி மற்றதைக் கேட்கிற மாதிரி இருந்தது.

வெங்கடாசலம் கண்ணில் புரை எடுத்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரலை வைத்து அவளைக் கண்டுகொண்டார். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"எனக்குத் தெரியும்மா," என்றார்.

"எதுங்க சார்?"

"நீ வந்து காட்டின அன்னைக்கே தெரியும். அன்னைக்கு ராத்திரி நானும் உட்கார்ந்து பார்த்தேன். நிக்காது அது."

இத்தனை வருஷமாக அவருக்குப் புரியவில்லை என்றே அவள் நினைத்திருந்தாள். புரியாதவர் மேல் ஒரு இரக்கம்கூட வைத்திருந்தாள்.

"அப்புறம் ஏன் சார் திருத்தலை?"

"என் பேரைச் சொல்ல வேற என்னம்மா இருக்கு? நாப்பது வருஷம் வாத்தியார் வேலை. மத்ததெல்லாம் அடுத்தவன் எழுதினதை எடுத்து எழுதினது. என்னோடதுன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்." நீர் வடிந்த கண்ணைக் கண்ணாடிக்குள் விரலை விட்டுத் துடைத்தார். மருந்து நீரா வேறேதாவதா, தெரியவில்லை. "நான் போய்ச் சேர்ந்த பிற்பாடு திருத்திக்கோ. யாரு வேண்டாங்கறா?"

"இப்ப அந்தப் புள்ளைக்கு என்னங்க சார் வழி?"

வெங்கடாசலம் போனை எடுத்துத் தரச் சொன்னார். குப்புராஜைக் கூப்பிடச் சொல்லி, அவள் எதிரிலேயே பேசினார்.

"குப்பு, அந்தக் கேள்வியில அச்சுப் பிழைப்பா. ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. உட்குலம் முழுக் கச்சிதம்னு இருக்கணும். ஆமா... புத்தகத்துல ஒண்ணும் கோளாறு இல்ல. கேள்வி அடிச்சவன் கோளாறு. பார்த்துப் பண்ணிக்க."

போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். "கேள்வி தப்புன்னு சொல்லிட்டேன். உனக்கு வேண்டியது அதுதான?"

அதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். பாலக்கோட்டுக்குப் போகிற பஸ்ஸில் தக்காளிக் கூடைகளோடு ஏறியவர்களின் நடுவில் நின்றபோது, எப்படியோ கோகிலா பிழைத்தாள் என்றுதான் தோன்றியது. வீட்டில் புருஷன் அர்ச்சுனன் சாப்பாடு போட்டுக்கொண்டே, "போன காரியம் காயா பழமா?" என்றான். "பழந்தான்," என்றாள்.

மறுநாள் போர்டு கூடியது. குப்புராஜ் எல்லாவற்றையும் எழுதியே கொண்டுவந்திருந்தார். கேள்வியில் அச்சுப் பிழை இருப்பதால், அதற்கு விடையளிக்க முயன்ற அனைவருக்கும் முழு மதிப்பெண்.

"முயன்றவங்களுக்குன்னா?" என்று கேட்டாள்.

"அந்தக் கேள்வி நம்பரைப் போட்டு ஏதாவது எழுதியிருந்தா போதும். ஒரு வரி இருந்தாலும் பதினஞ்சு."

"சார், அது தப்புன்னு தெரிஞ்சு எழுதாம விட்டவங்க இருந்தா? அதை விட்டுட்டு இன்னொண்ணை எழுதினவங்க?"

சுற்றியிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குப்புராஜ் பேனாவை மூடினார்.

"தெரிஞ்சு விட்டாங்களா, தெரியாம விட்டாங்களான்னு பேப்பரைப் பார்த்தா தெரியுமா அமுதா?"

தெரியாது. எழுதாத இடத்தில் வெள்ளைத்தாள்தான் இருக்கும். வெள்ளைத்தாளுக்கு நிரூபணம் கிடையாது.

"அப்ப அந்தப் பரீட்சை எழுதின எல்லாருக்கும் குடுத்துடலாமுங்களே."

"எல்லாருக்குமா? இன்னொரு கேள்வியை ஒழுங்கா எழுதி மார்க் வாங்கினவன் கேஸ் போடுவான். அப்படியே பண்ணணும்னாலும் யுனிவர்சிட்டி சிண்டிகேட்டுக்குப் போகணும், ரிசல்ட் நிக்கும், புத்தகம் வரைக்கும் நோண்டுவாங்க. ஜூன் வருது. உன் ரினீவலும் என் கையெழுத்துலதான் போகுது. அதை மிரட்டலா எடுத்துக்காத. நிலைமையைச் சொல்றேன்."

மிரட்டல் இல்லைதான். அப்படிச் சொல்லிவிட்டு அவர் மோர் வாங்கிக் கொடுத்த அதே முகத்தோடு அவளைப் பார்த்தார். தீர்மானத் தாள் சுற்றி வந்தது. அவளுக்கு முன்னால் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒன்பதாவது இடத்தில் அமுதவல்லி போட்டாள்.

மீதி நாட்களில் அவள் கைக்கு வந்த தாள்களில் அந்தக் கேள்விக்கு என்னென்னவோ எழுதியிருந்தார்கள். ஆறாவது வரியை மறந்துவிட்டு ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவியவர்கள், தேற்றத்தின் வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை எழுதிவிட்டு 'ஆகவே நிரூபிக்கப்பட்டது' என்று முடித்தவர்கள், வேறு ஏதோ தேற்றத்தின் நிரூபணத்தைத் தலைப்பு மாற்றி எழுதியவர்கள். பழைய விடைக் குறிப்பின்படி திருத்தியிருந்தால் இதில் பாதிக்கு மேல் நாலு மார்க், ஐந்து மார்க்தான் தேறியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து போட்டாள். அவள் எழுந்து நின்றதால் கிடைத்த பதினைந்து.

ரிசல்ட் வந்த அன்று வகுப்பு மொத்தமும் பாஸ், கோகிலாவைத் தவிர. நாலு மார்க் குறைவு. குரு போன் பண்ணி, "தேங்க்ஸ்ங்க மேடம், நீங்கதான் போராடி வாங்கிக் குடுத்தீங்கன்னு குப்புராஜ் சார் சொன்னாருங்க" என்றான். அவன் குரலில் நிஜமாகவே நன்றி இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது செருப்படி வாங்குவதைப் போலிருந்தது அவளுக்கு.

கோகிலா போன் பண்ணவில்லை. அமுதவல்லி கூப்பிட்டாலும் மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு அரூர் போய், அங்கிருந்து மலை பஸ் பிடித்தாள்.

கோகிலாவின் வீட்டு முன்னால் சாமை காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய அப்பா சின்னன் வந்தவளைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கட்டிலைத் தட்டினார். "காலேஜ் அம்மாவா? உக்காருங்கம்மா. எங்க புள்ளைய இவ்வளவு தூரம் படிக்க வெச்சீங்க." குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அம்மா கருப்பி ஒரு சொம்பில் தண்ணீரும் தட்டில் பலாச்சுளையும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோகிலா கை கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஸ்கூல் வேலைக்குக் குருவை எடுத்துட்டாங்க மேடம்," என்றாள். "அவனும் அப்ளிகேஷன் போட்டிருந்தானாம். பரவாயில்லைங்க. தெரிஞ்ச பையன்தான. பஸ்ஸு ஒழுங்கா வந்தா ஒழுங்கா வருவான்."

எப்படி ஆயிற்று என்று அமுதவல்லி சொல்ல ஆரம்பித்தாள். முகாம், சார் வீடு, அச்சுப் பிழை, தீர்மானம். கையெழுத்தையும் சொன்னாள். கோகிலா எல்லாவற்றையும் வகுப்பில் கேட்கிற மாதிரியே கேட்டாள், தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு.

"சாருக்கே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"குப்புராஜ் சாருக்கும்?"

"ம்."

"அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுதாங்க எழுதறாங்க." அவள் குரலில் ஆச்சரியம்தான் இருந்தது. தனக்கு மட்டும் யாரோ சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இப்போதுதான் விளங்கியது போல. "எனக்குத்தாங்க தெரியலை."

சாமையைக் கொத்த வந்த கோழியைச் சின்னன் கல்லெடுத்து விரட்டினார். கீழ்நோக்கிப் போகிற பஸ் அடுத்த ஊரில் ஹாரன் அடிப்பது கேட்டது.

"நவம்பர்ல அரியர் எழுதணும் மேடம். மறுபடி அதே வந்தா, எழுதிடட்டுங்களா?"

அமுதவல்லி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் பலாச்சுளையைப் பார்த்தாள். எத்தனையோ பதில்கள் இருந்தன. எல்லாம் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் சொல்லக்கூடியவை.

"எழுதிடு," என்றாள்.

"சரிங்க மேடம்." பிறகு சந்தேகம் தீராதவள் போல, "அப்ப அது சரிதானுங்களா?"

"இல்ல கண்ணு. தப்புதான்."

கோகிலா தலையாட்டினாள். பஸ் வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே நின்று கையசைக்கவும் செய்தாள். ஆனால் அதற்கப்புறம் அவள் எதற்காகவும் போன் பண்ணவில்லை.

ஜூனில் அமுதவல்லியின் வேலை புதுப்பிக்கப்பட்டது. பள்ளிக்கூடம் திறந்த கையோடு கோகிலா ஓசூருக்கு ஏதோ கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள் என்று குருதான் சொன்னான். ஷிப்ட் வேலை, கம்பெனி ஹாஸ்டல், நின்றுகொண்டே பார்க்க வேண்டுமாம். மலையிலிருந்து இன்னும் நாலைந்து பெண்கள் அங்கே இருக்கிறார்களாம்.

நவம்பரில் அரியர் பரீட்சை நடந்த அறைக்கு அமுதவல்லியைத்தான் மேற்பார்வைக்குப் போட்டார்கள். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் கோகிலாவின் பதிவெண் சாக்பீஸால் எழுதியிருந்தது. அரைமணி வரைக்கும் யார் வந்தாலும் உள்ளே விடலாம் என்பது விதி. அமுதவல்லி அதற்கு மேலும் கொஞ்சம் பொறுத்தாள். வெளியே போய் வராந்தாவின் கடைசி வரை பார்த்துவிட்டு வந்தாள். கம்பெனியில் லீவு கிடைத்திருக்காது.

மிஞ்சிய கேள்வித்தாளைப் பிரித்துப் பார்த்தாள். பதினைந்து மார்க் கேள்விகள் இரண்டிலும் அந்தத் தேற்றம் இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, வராதவர் படிவத்தில் அந்த எண்ணை எழுதினாள்.